முங்காத திமிங்கலம்

திமிங்கலத்துக்க முதுகுல பறவ முட்ட போட்டா திமிங்கலம் என்ன செய்யும்னு என்னட்ட கேட்டா, ஒண்ணும் செய்யாது, முங்காம கெடக்கும், அவ்வளவுதான்னு சொல்லுவேன். ஸ்கார்விக்ல நாங்க அப்படி ஒண்ண ஒரு கோடக்காலம் பூரா வச்சுப் பாத்தோம், குளிப்பாட்டினோம், தீனி போட்டோம், அதுக்காவ ரெண்டு கட்சியா நின்னு சண்டையும் போட்டோம், கடேசில அதுக்காவ நான் வாயத் திறக்கவும் வேண்டி வந்துது, மூடவும் வேண்டி வந்துது.

ஸ்கார்விக்குன்னா ஸ்காட்லாந்துக்க வட ஓரத்துல, துணி தச்சவன் நூலு தீந்து பாதியில போட்டுட்டுப் போன மாதிரி கிழிஞ்சு கெடக்குற கரையில ஒரு சின்னக் குடா. கோடையில அங்க சூரியன் படுக்கப் போவ மனசில்லாத பிள்ள மாதிரி, பத்து மணி ஆனாலும் மலைக்க விளிம்பப் பிடிச்சுத் தொங்கிட்டு நிக்கும். நான் குளச்சல் பக்கத்துக்காரன், பேரு கிளீட்டஸ். மீன்பிடி போட்டு வேலைக்குன்னு போனவன், அந்த போட்டுக்காரன் கடலே வேண்டாம்னு போட்ட வித்துட்டு ஆடு வளக்கப் போயிட்டான், அதுக்குப் பெறவு டூகல்னு ஒரு மனுசனுக்க சுற்றுலாப் படகுல கயிறு பிடிக்க நின்னேன்.

டூகலுக்க படகு காலையில பறவ பாக்குற ஆளுவள ஏத்திட்டுப் போவும், மத்தியானம் திமிங்கலம் பாக்குற ஆளுவள ஏத்திட்டுப் போவும். பறவக்காரங்க அண்ணாந்து பாத்து அண்ணாந்து பாத்து கழுத்து பின்னால வளஞ்சவங்க, திமிங்கலக்காரங்க குனிஞ்சு பாத்து குனிஞ்சு பாத்து முன்னால வளஞ்சவங்க. ரெண்டு கூட்டமும் கரையில இருக்க டீக்கடையில எதிரும் புதிருமா இருந்து ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே டீ குடிப்பாங்க. நான் ரெண்டு பேரையும் செஞ்சு காட்டுவேன். டூகலையும் செஞ்சு காட்டுவேன், அதுவும் அவருக்க முன்னாலே நின்னு. மனுசன் பேசவே மாட்டாரு, எல்லாத்துக்கும் "ம்"தான். கோவத்துக்கு ஒரு ம், டீக்கு ஒரு ம், மழைக்கு ஒரு ம். நான் மூணையும் வரிசையா போட்டா கடையே சிரிச்சு உருளும், டூகல் நாலாவதா ஒரு ம் போடுவாரு, அதுக்கு அர்த்தம் நாளைக்குப் படகுல கக்கூசு கழுவப் போறது நீதான்னு. அவங்க பேசினதெல்லாம் இங்கிலீசு. நான் சொல்லும்போ நம்ம பேச்சாத்தான் வரும். டூகல் என்ன "லேய்"னு கூப்பிட்டாரான்னு கேக்காதீங்க. வாய் கூப்பிடல, ஆனா மூஞ்சி அப்படித்தான் கூப்பிட்டுது.

பறவைவ சத்தமும் போடுவேன். அங்க குண்டு மூக்குல கலரு பூசின பஃபின்னு ஒரு பறவ, ஸ்டார்ட் ஆவாத மோட்டாரு மாதிரி உறுமும். கில்லிமாட்டுன்னு ஒண்ணு, மேல கறுப்பு, நெஞ்சு வெள்ள, பந்திக்கு மொத ஆளா வந்து நிக்குற கோயில்குட்டி, அதான் எங்க கோயிலு மணி அடிக்குறவன், அவன் மாதிரி நேரா நிக்கும், தொண்டையில "அர்ர்ர்"னு இழுக்கும். நான் அர்ர்ர்னு இழுத்தா பாறையில இருக்கது திரும்பி இழுக்கும். பறவ கணக்கெடுக்க வந்த இஷ்பெல் அக்காவே ஏமாந்து பைனாக்குலரத் தூக்கியிருக்கா. நான் அவள அக்கான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊருல பாதிப்பேரு அதுதான் அவளுக்க பேருன்னு நெனச்சிட்டாங்க.

சாயங்காலமானா வீட்டுக்கு போன் போடுவேன். அந்தக் குடாவுல படம் நிக்காது, சத்தம் மட்டும்தான் போவும். எனக்க மோளு ஜெனிட்டா நான் வந்த பெறவு பொறந்தவ; மூணு வயசு ஆவப்போவுது, அவளுக்கு நான்னா போனுக்குள்ள இருக்க ஒரு சத்தம். போன எடுத்த உடனே, "அப்பா, ஆட்டோ போடு"ன்னுவா. போடுவேன். "மிக்ஸி போடு"ன்னுவா. தேங்காயோட ஒரு மிக்ஸி, தேங்கா இல்லாம ஒரு மிக்ஸி. "பங்குசாமி போடு"ன்னுவா, சாமியாரு மூக்கால பாடுறதப் பாடுவேன். கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டு போன அம்மைக்கிட்ட குடுத்துட்டு ஓடிருவா. எனக்க கெட்டினவ விஜிலா, "இஞ்ச பாருங்க, ஒரு நாளாவது அவகிட்ட மனுசன் மாதிரி பேசுங்களேன்"ன்னுவா. நான் அதுக்கும் விஜிலா மாதிரியே பதில் சொல்லுவேன், அவ கட் பண்ணிருவா.

அந்த வருசம் மழைக்காலத்துக் காத்துல பறவ இருக்க பாறையில ஒரு பெரிய துண்டு இடிஞ்சு கடலுக்குள்ள போயிட்டு. மே மாசம் கில்லிமாட்டுவ திரும்பி வந்து பாத்தா, தலமொற தலமொறயா முட்டயிட்ட இடத்துல வெறும் காத்து. சுத்துது, சுத்துது, கத்துது. அன்னைக்குக் காலையில ஒரு திமிங்கலம், கறுப்பா, நீளமா, நம்ம ஊரு சப்பரத்தக் கமத்திப் போட்ட மாதிரி, குடாவுக்குள்ள மூச்சு வாங்க வந்து சரியா அந்த எடத்துக்குக் கீழ நின்னுது. பறவைவ எறங்கி இருந்தது. கூடு கெட்டுற சோலியெல்லாம் அதுவளுக்குக் கெடையாது, வெறும் கல்லுல முட்ட போடுற ஜாதி; போட்டுது. நீலமும் பச்சையுமா, யாரோ மைப்பேனாவ உதறின மாதிரி கோடு கோடா முட்ட. திமிங்கலம் முதுகக் கொஞ்சம் போல ஒசத்திக் குடுத்துட்டு அப்படியே நின்னுட்டு. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாளு டூகல் போயி அதுக்க ரெண்டு பக்கமும் மிதவை போட்டாரு, படகு முட்டிரக் கூடாதுன்னு. தபால்காரன் வழக்கமா படகுல அந்த வழியா வாறவன், சுத்திப் போவத் தொடங்கினான், லேட்டு ஆவுதுன்னு யாரும் கேக்கல. டீக்கடையில பறவக்காரங்களும் திமிங்கலக்காரங்களும் மொதல்முறையா ஒரே மேசையில இருந்தாங்க, ஏன்னா பாக்க வேண்டியது ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா படகும் ஒண்ணுதான். அண்ணாந்தவங்க குனிஞ்சாங்க, குனிஞ்சவங்க நிமிந்தாங்க, ஊருல பாதி கழுத்துவலி அந்த வருசம் மாறிப்போச்சு.

ஆனா முங்காத திமிங்கலம் எப்படித் தின்னும்? அதுக்க தீனி அடியிலல்லா இருக்கு. மீன்காரங்க நாலஞ்சு பேரு சேந்து, சாளை மாதிரி ஒரு பொடிமீனு உண்டு, அதக் கூட்டம் கூட்டமா வலையால வளச்சு அதுக்க மூஞ்சிக்கு நேரா ஓட்டிட்டு வருவாங்க. அது கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி வாயத் திறந்து, முதுகு ஆடாம, பைய மூடும். வெயிலு அடிச்சா முதுகு வெடிக்கும், அதனால முட்டைவளுக்கு நடுவுல போயி வெள்ளம் கோரி ஊத்த ஒரு ஆளு வேணும். சூசு போட்டு ஏறினா தோலு கிழியும், ஊர்க்காரங்க சூசக் கழட்டினா குளிருல ஐயோன்னு சாடுறாங்க. டூகல் எனக்க காலப் பாத்தாரு. ஒரு ம்.

"நானா? அது புரண்டு படுத்தா?"

"புரண்டா முட்ட ஒடையும். அதுக்குத் தெரியும்," இஷ்பெல் அக்கா சொன்னா. "ஒனக்காவ இல்லாட்டியும் முட்டைக்காவ புரளாது."

ஏறினேன். நனஞ்ச ரப்பரு மெத்த மாதிரி, உள்ள எங்கேயோ ஒரு பெரிய உரலு இடிக்குற மாதிரி ஒரு துடிப்பு உள்ளங்காலு வழியா ஏறும். படகுல ஆளு நின்னு பாக்குமா, பாக்க ஆளு இருந்தா எனக்கு வாய் நிக்குமா. திமிங்கலத்துக்க மேல நின்னு டூகல் ம் போடுவேன், அக்கா தும்முறது போடுவேன், வாளியத் தலையில வச்சு மகாராணி நடை போடுவேன். படகு கைதட்டும். கில்லிமாட்டுவ என்ன ஏற எறங்கப் பாக்கும்.

ஞாயித்துக்கிழமதான் பிரச்சன. ஸ்கார்விக்ல ஞாயித்துக்கிழம ஒருத்தனும் ஒரு சோலியும் செய்ய மாட்டான். துணி காயப் போட மாட்டாங்க, பிள்ளைவளுக்க ஊஞ்சலக் கூட சங்கிலி போட்டுக் கெட்டி வச்சிருப்பாங்க. திமிங்கலத்துக்கு ஞாயித்துக்கிழம உண்டான்னு கோயில் காரியம் பாக்குற பெரியவங்க, மூப்பன்மாரு, கூடிப் பேசினாங்க. தீனிய சனிக்கிழமயே ரெட்டிப்பா ஓட்டிரலாம், வெள்ளம் ஊத்துறது இரக்கத்துல சேரும், ஆனா நம்ம ஆளு செய்யக் கூடாதுன்னு முடிவாச்சு. தல நரச்ச ஒரு மூப்பன் என்னட்ட வந்து ரொம்ப மரியாதையா கேட்டாரு, "கிளீட்டஸ், ஒனக்க சாமி ஒண்ணும் சொல்லாதுல்லா?"

"எனக்க சாமி கடப்புறத்துச் சாமி, ஓய். சனிக்கிழம பூச கண்டா அதுக்கு மதி, போதும்."

அப்படி எல்லா ஞாயித்துக்கிழமயும் நான் மட்டும் ஒரு ரப்பரு வள்ளத்துல துடுப்பு போட்டுத் தொழஞ்சு போயி, அது மேல ஏறி இருப்பேன். குடாவுல ஒரு சத்தம் கெடையாது. மணி அடிக்கும், ஓயும், அவ்வளவுதான். ஊத்துவேன், இருப்பேன், ஊத்துவேன். எனக்க பக்கத்துல வாலுக்க அருவுல ஒரே ஒரு முட்ட பிந்திப் போட்டது. மொத முட்டய கடல்காக்கா கொண்டு போனதுல அந்தத் தள்ளப்பறவ, அம்மைக்காரி, ரெண்டாவது போட்டது. கொஞ்ச நாளுல அதுக்க தகப்பனையும் பழுப்பு நெறத்துல ஒரு கள்ளப் பறவ அடிச்சிட்டுப் போச்சு. தள்ள தீனிக்குப் பறக்கும்போ நான் அந்த முட்டைக்கு வெயிலு மறைக்க கால மடக்கி இருப்பேன். சும்மா இருக்க எனக்கு வராதுல்லா, பேசிட்டே இருப்பேன். யாரு மாதிரியும் இல்ல. பாக்க ஆளில்லாம யாரு மாதிரி போட. விஜிலா வைக்குற மீன்கறியில மாங்கா போடுவாளா புளி போடுவாளான்னு மறந்து போயி மனசு கெடந்து தவிக்குற வெப்ராளத்தச் சொல்லுவேன். அலையில நெலதவறி விழுந்த ஒரு நாளு வெள்ளத்துக்கு அடியில எனக்கு என்ன தோணிச்சுன்னு சொல்லுவேன். ஜெனிட்டாவுக்குப் பல்லு மொளச்சதும், மொட்ட போட்டதும் நான் காணாததச் சொல்லுவேன். திமிங்கலம் ஒரு பெருமூச்சு விடும், மழ மாதிரி எங்க மேல விழும்.

ஜூலை முடியும்போ குஞ்சுவ மேல இருந்து வெள்ளத்துல சாடத் தொடங்கினது. கில்லிமாட்டுக் குஞ்சுக்கு செறகு மொளைக்குறதுக்கு முந்தியே கடலுக்குப் போவணும். தகப்பன் கீழ வெள்ளத்துல நின்னு கூப்பிடும், அந்தச் சத்தத்த நம்பி பஞ்சு உருண்ட மாதிரி இருக்கது சாடும், பெறவு தகப்பனுக்க பின்னால நீந்தி நீந்தி நடுக்கடலுக்குப் போவும். சாயங்கால வெயிலுல ஒண்ணொண்ணா சாடிச்சு, படகுல ஆளுவ ஒவ்வொண்ணுக்கும் ஓன்னு கூவிச்சு, மூப்பன்மாருவளுக்க பெண்ணும்பிள்ளையளும் கண்ணு தொடச்சாங்க. கடேசில ஒண்ணு மட்டும் நின்னுது. பிந்தின முட்டையில பொரிஞ்சது. தள்ள அதுக்கு மீனு கொண்டு வரும், ஊட்டும், நிக்கும். ஆனா கூப்பிடுறது தள்ளைக்க வேல இல்ல.

அதுக்குள்ள பொடிமீனு கூட்டம் ஆழத்துக்கு எறங்கிட்டு. மீன்காரங்க வலையோட போயி வெறும் வெள்ளத்தோட திரும்பி வந்தாங்க. திமிங்கலத்துக்க முதுகெலும்பு எனக்க காலுல முட்டத் தொடங்கிச்சு. மூச்சு நாத்தம் மாறிச்சு. திமிங்கலக்காரங்க டீக்கடையில மேசைய இழுத்து தனியா போட்டாங்க.

"ஒரு குஞ்சுக்காவ இந்தப் பெரிய உசிரு சாவணுமா? தள்ளி விடுங்க அத!"

"தள்ளி விட்டா கூப்பிடத் தகப்பன் இல்லாம கரைக்கும் கடலுக்கும் சுத்தும், கடல்காக்கா ஒரு வாயில முழுங்கும்," இஷ்பெல் அக்கா சொன்னா. "கரையில எடுத்து வளத்தாலும் கடல் தெரியாது. அதுவா சாடணும்."

"சாடாட்டி?"

டூகல் எந்திரிச்சாரு. மனுசன் அன்னைக்கு வாயத் தொறந்து முழுசா ஒரு வாக்கியம் பேசினாரு, கடையே பயந்து போச்சு. "சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அதுக்குப் பெறவு ஞாயிறு வரும், ஒருத்தனும் படகு எடுக்க மாட்டான். திங்கள் வரைக்கும் அது தாங்காது. சனிக்கிழம சாடாட்டி நானே ஏறி கையால எடுத்து வெள்ளத்துல விடுவேன்."

நான் மேசையில அடிச்சேன். "எதுக்கு வெப்ராளம்? தகப்பன் சத்தம்தானே வேணும்? கிளீட்டஸ் எதுக்கு இருக்கான்?"

சனிக்கிழம ஊரே கடலுல நின்னுது. நான் ரப்பரு வள்ளத்துல திமிங்கலத்துக்க வாலுக்குப் பக்கத்துல நின்னு, தொண்டையக் காறி, அர்ர்ர்னு ஒண்ணு இழுத்தேன் பாருங்க, அப்படி ஒரு அர்ர்ர் எந்தக் கில்லிமாட்டும் போட்டிருக்காது. எங்கேயோ வெளிக்கடலுல நின்ன தகப்பன்மாரு ஏழெட்டு திரும்பி நீந்தி வந்து என்னச் சுத்தி நின்னு யாருடே இதுன்னு பாத்தது. ஒரு பொட்டப் பறவ வள்ளத்துலயே ஏறி எனக்க காலு பக்கம் இருந்துட்டு, போவ மாட்டேங்குது. படகெல்லாம் கைதட்டு. குஞ்சு மட்டும் அனங்கல. எங்கேயோ பாத்துட்டு நிக்குது.

கோவமா ஒரு அர்ர்ர். கெஞ்சலா ஒண்ணு. கெழட்டுத் தகப்பன், சின்ன வயசுத் தகப்பன், சளி பிடிச்ச தகப்பன். தெரிஞ்சதெல்லாம் போட்டேன். தொண்டையில ரெத்தம் கசியுற மாதிரி ஆச்சு. சூரியன் மலைக்க விளிம்பப் பிடிச்சிட்டு. டூகல் சூசக் கழட்டத் தொடங்கினாரு. எனக்கு வாழ்க்கையில மொதமொதலா ஆளுவளுக்க முன்னால நிக்கக் கூச்சமா இருந்தது.

இஷ்பெல் அக்கா அவளுக்க வள்ளத்த எனக்கத்தோட ஒட்டிக் கொண்டு வந்தா. பைய கேட்டா, "கிளீட்டஸ், இது முட்டையா இருக்கும்போ ஞாயித்துக்கிழமயில நீ இதுக்குப் பக்கத்துல இருந்து என்ன சத்தம் போடுவ?"

"ஒரு சத்தமும் இல்ல அக்கா. சும்மா பேசிட்டிருப்பேன்."

"முட்டைக்குள்ள இருக்கும்போதே தகப்பன் குரல் கேட்டுத்தான் இதுவ பழகும். இதுக்க தகப்பன் போயி எவ்வளவு நாளாச்சு. இது கேட்டது எதுன்னு நெனைக்க?"

நான் அவளப் பாத்தேன். அவ சிரிக்கல.

"அதப் பேசு," அக்கா சொன்னா.

பேசுன்னா பேசிரலாமா? அத்தன படகும் பாக்குது. டூகல் ஒத்தக் காலுல சூசோட பாக்குறாரு. அர்ர்ர் போடச் சொல்லு, மகாராணி நடை போடச் சொல்லு, துணி இல்லாம ஆடச் சொல்லு, ஆடுவேன். எனக்க சொந்தக் குரலுல பேசச் சொன்னா வாய் ஒட்டிக்கிட்டு. ஆளுவளுக்கு முதுகக் காட்டித் திரும்பி இருந்தேன். வெள்ளத்தப் பாத்துட்டுத் தொடங்கினேன்.

"எ மக்களே," என்னேன், பெத்த பிள்ளையக் கூப்பிடுற மாதிரி. கட்டத் தொண்ட. எனக்கே யாரோ மாதிரி இருந்தது. "நான்தான். வெள்ளம் குளுரும், இல்லன்னு சொல்ல மாட்டேன். நான் வரும்போதும் குளுந்துது. விஜிலா புளிதான் போடுவா, மாங்கா இல்ல, நேத்து கேட்டேன். ஒனக்குச் செறகு இல்ல, எனக்கும் இல்ல. இந்தக் கெழவன் ரொம்ப நாளா ஒனக்காவ மூச்சப் பிடிச்சிட்டு நிக்குறான், அவனுக்குப் பசிக்கு. நீ சாடு. நான் இஞ்சதான் இருக்கேன். பிடிக்க மாட்டேன், ஆனா இருக்கேன்."

குஞ்சு திரும்பிச்சு. வாலுக்க விளிம்பு வரைக்கும் ஓடி வந்துது, ஒரு தடவ கீச்சுன்னுது, சாடிச்சு. வெள்ளத்துல விழுந்த சத்தம் ஒரு புளியங்கொட்ட விழுந்த அளவுகூட இல்ல.

ஒருத்தரும் கைதட்டல. திமிங்கலம் பொறுத்துது. குஞ்சு எனக்க வள்ளத்துக்குப் பக்கம் வந்து சேருற வரைக்கும் பொறுத்து, பெறவு, ஒறங்குற பிள்ளைக்குப் பக்கத்துல இருந்து தள்ள எந்திரிச்சுப் போற மாதிரி, ஒரு அல எழும்பாம, முட்ட ஓடும் பறவ எச்சமும் கோடக்காலத்து வெயிலும் எல்லாமா பைய பைய கீழ எறங்கிச்சு. அது இருந்த எடத்துல வெள்ளம் கொஞ்ச நேரம் வழவழன்னு கெடந்துது. டூகல் கண்ணத் தொடச்சிட்டு ஒரு ம் போட்டாரு. அந்த ம் எனக்குப் புதுசு.

நான் தொழஞ்சேன், பேசிட்டே தொழஞ்சேன், குஞ்சு பின்னால நீந்தி வந்துது, குடாவுக்க வாயத் தாண்டி, கடைசிப் பாறையத் தாண்டி, நம்ம கரையில ஆழிக்கடல்னு சொல்லுவாங்களே, அந்த நெறம் வாற வரைக்கும். அங்க திமிங்கலம் எழும்பி ஒரு மூச்சு விட்டுது, மழ மாதிரி விழுந்துது, குஞ்சு அந்தப் பக்கம் பாத்துது, பெறவு என்னப் பாத்துது. நான் பேசிட்டு இருந்தா அது போவாது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாய மூடினேன். என்ன பெத்த தள்ள நான் வாய மூடினதக் கண்டிருந்தா கோயில்ல மெழுகுதிரி கொளுத்தியிருப்பா. அது கொஞ்ச நேரம் காத்துப் பாத்துது, பெறவு மூச்சு விழுந்த எடத்தப் பாத்து நீந்திப் போச்சு.

கரைக்கு வந்து போன் போட்டேன். ஜெனிட்டா எடுத்தா. "அப்பா, ஆட்டோ போடு."

"இன்னைக்கு ஆட்டோ இல்ல மக்களே."

அவ போன விட்டு விலகி, "அம்மா, அப்பா இல்ல. யாரோ ஒரு மாமன்."

"யாருன்னு கேளு," விஜிலாவுக்க சத்தம்.

"நான்தான் மக்களே. அப்பாக்க தொண்ட இப்படித்தான்," என்னேன். மூச்சு மட்டும் கேட்டுது. வச்சிருவாளோன்னு பயத்துல திமிங்கலத்தச் சொன்னேன், முட்டையச் சொன்னேன், குஞ்சு விளிம்புல நின்னதச் சொன்னேன், எதுக்கும் சத்தம் போட்டுக் காட்டாம சும்மா சொன்னேன். அவ போன அம்மைக்கிட்ட குடுக்கல.

"அது சாடிச்சா?"

"சாடிச்சு."

"நானும் சாடட்டா?"

"எங்க இருந்து?"

"கட்டிலுல இருந்து."

"சாடு மக்களே. நான் இஞ்சதான் இருக்கேன்."

தொப்புன்னு ஒரு சத்தம். அதுக்குப் பெறவு சிரிப்பு.

இப்பவும் கரையில எவனாவது என்னப் பிடிச்சு நிறுத்தி, கிளீட்டஸ், அது போடு இது போடுன்னு கேட்டா போடுவேன், எல்லாம் போடுவேன். அந்தத் தொப்பு மட்டும் எத்தன வாட்டி போட்டுப் பாத்தாலும் எனக்கு வரல.